இடது பக்கம் சிவப்பு

5 ஆகஸ்ட் 2024, திங்கள்

காலையிலிருந்து கரையான். செர்காமிலிருந்து ஒரு மனிதர் கூப்பிட்டார். அவர் வீட்டு நிலைக்கதவை விரலால் அழுத்தினால் விரல் உள்ளே போகிறதாம். அழுத்தாமல் இருக்கலாமே என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது. "நாளை மறுநாள் ஆள் வருவார்கள் ஐயா" என்றேன். பூச்சிமருந்து கம்பெனிக்கு வீட்டிலிருந்தே போன் எடுப்பதுதான் என் வேலை. தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் எலிக்கும் கரப்பானுக்கும் ஆறுதல் சொல்கிறேன். நாள் முழுக்க பேச்சு. அதில் ஒருவர்கூட "நீங்க எப்படி இருக்கீங்க" என்று கேட்டதில்லை. கேட்க அவர்களுக்கு நேரம் ஏது, வீடு இடிந்து விழுகிறது.

குளித்துவிட்டு, நீளக் கைப்பிடி வைத்த கண்ணாடியால் பின்பக்கத்தைப் பார்த்தேன். தினமும் பார்க்க வேண்டும். அம்மா இருந்தவரை அது அம்மாவின் வேலை. அம்மா போனபின் தினமும் என்பது வாரத்துக்கு ஒருமுறை ஆகிவிட்டது. இன்று இடது பக்கம், உட்காரும் எலும்பு இருக்கிற இடத்தில், ஒரு சிவப்பு. ஐம்பது காசு அளவு. விரலால் அழுத்தியும் வெளுக்கவில்லை. வெளுக்காவிட்டால் அது புண்ணின் தொடக்கம்.

வலி இல்லை. ஆயர் குரோ பக்கம் கார் கவிழ்ந்த நாளிலிருந்து இடுப்புக்குக் கீழே எனக்கு எதுவும் வலிப்பதில்லை. வலி தெரியாதது வரம் என்று யாராவது நினைத்தால் என்னிடம் வந்து பேசட்டும்.

8 ஆகஸ்ட், வியாழன்

சிவப்பு போகவில்லை. பயத்தில் மருந்துக் கடையிலிருந்து நடுவில் ஓட்டை போட்ட ரப்பர் வளையம் ஒன்றை வரவழைத்து, சக்கர நாற்காலியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். புண் ஓட்டைக்குள் தொங்கும், எதிலும் படாது, எவ்வளவு புத்திசாலித்தனம் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

மிஸ்ஸி இந்திராதேவி வந்தார். கிளினிக்கிலிருந்து மாதாமாதம் வந்து பார்த்துவிட்டுப் போகிற நர்ஸ். வளையத்தைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"யாரும்மா இத வாங்கச் சொன்னது? சுத்தி இருக்கற சதைய இது நசுக்கிடும். நடுவுல ரத்தமே போவாது. கொண்டா இப்படி."

வளையத்தைக் குப்பைத்தொட்டியில் போட்டார். அப்புறம் என்னைச் சுற்றி ஒரு நடை நடந்து, "நீ ஏம்மா ஒரு பக்கமா உக்காந்திருக்க?" என்றார்.

நேராகத்தானே உட்கார்ந்திருக்கிறேன்?

14 ஆகஸ்ட், புதன்

ஆஸ்பத்திரியில் உட்காரும் முறையைப் பார்க்கிற பிரிவுக்கு மிஸ்ஸி தேதி வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதுவரை அரை மணிக்கு ஒருமுறை முழங்கையைத் தொடையில் ஊன்றி முன்னால் குனிந்து இருக்க வேண்டும். கொஞ்ச நேரமாவது. அப்போதுதான் பின்பக்கத்துக்கு ரத்தம் திரும்புமாம். இன்று ஒரு வாடிக்கையாளர் எலியைப் பற்றி அழுதபோது குனிந்துகொண்டே பேசினேன். "ஏம்மா ஒங்க கொரல் கெணத்துல இருந்து வருது" என்றார்.

மாலையில் வழக்கம்போல் சுவரோரம்.

மெலாக்கா பாச்சாங்கில் இந்த வரிசை வீடுகளுக்கு நடுச்சுவர் ஒரே செங்கல் கனம். கட்டியவன் நன்றாக இருக்கட்டும். அந்தப் பக்கம் திலகா வீடு. திலகா, அவள் கணவன் விமலன், பாரம் மூன்று, அதாவது ஒன்பதாம் வகுப்பு, படிக்கிற மகள் திவ்யதர்ஷினி. ஏழு மணிக்கு விமலன் வேலையிலிருந்து வந்ததும் அங்கே வீடு தொடங்கிவிடும். இன்று மீன் குழம்பில் புளி கூடிப்போன விவகாரம். "புளியில கொஞ்சம் மீனு போட்டியா" என்று விமலன் கேட்க, திவ்யா சிரிக்க, திலகா கரண்டியை வைத்த சத்தம்! என் ஹாலில் அம்மாவின் நாற்காலியைத் தவிர வேறு ஆள் இல்லை. டிவி கெட்டுப் போனது, திருத்தவில்லை. வேறு யார் இருக்கிறார்கள் எனக்கு மாலையில்?

சக்கர நாற்காலியின் இடது சக்கரத்தில், கையால் பிடித்துத் தள்ளுகிற வளையம் சுவரில் பட்டுப் பட்டு அந்த இடத்தில் பெயின்ட் பெயர்ந்து சிமெண்டு தெரிகிறது. பார்க்க அசிங்கமாக இருக்கிறது. ஒரு காலண்டர் மாட்டி மறைக்க வேண்டும்.

20 ஆகஸ்ட், செவ்வாய்

என் பின்பக்கத்தை இன்று கலரில் பார்த்தேன்.

ஒரு மெல்லிய பாய். அதை நாற்காலி மெத்தைமேல் விரித்து என்னை உட்கார வைத்தார்கள். உடம்பு எங்கே எவ்வளவு அழுத்துகிறது என்பது கம்ப்யூட்டரில் வண்ணமாக வருகிறது. நீலம் என்றால் லேசு, பச்சை பரவாயில்லை, மஞ்சள் கவனம், சிவப்பு ஆபத்து. வலப்பக்கம் முழுக்க நீலமும் பச்சையும், அழகான தோட்டம்போல. இடப்பக்கம் நடுவில் மட்டும் அடுப்புத் தணல்.

யுகேந்திரன் என்கிற தெரபிஸ்ட், முப்பது வயது இருக்கும், பொறுமைசாலி. என் இடுப்பின் இரண்டு பக்கத்திலும் கை வைத்துப் பார்த்தார்.

"இடது எலும்பு கீழ எறங்கியிருக்குக்கா. ஒடம்பு வெயிட்டெல்லாம் அந்த ஒரு எலும்பு மேலதான் நிக்குது. கால் வைக்கிற பலகையும் ஒசரமா இருக்கு. தொடை மெத்தையில படவே இல்ல, அதனால இன்னும் பின்னாடிதான் எறங்குது. கைப்புடி தாழ்வா இருக்கு."

எல்லாம் திருத்தினார். பலகையை இறக்கினார், கைப்பிடியை ஏற்றினார், காற்று மெத்தைக்கு அடியில் கையை விட்டுப் பார்த்துக் கொஞ்சம் காற்றைத் திறந்துவிட்டார். மறுபடி பாய். தணல் குறைந்தது. அணையவில்லை.

"வீட்டுல எந்தப் பக்கம்கா சாய்வீங்க? போன், கம்ப்யூட்டர், ஜன்னல்... எதாச்சும் இடது பக்கம் இருக்கா?"

மேசையில் மௌஸ் இடது பக்கம் என்றேன். நான் இடதுகைக்காரி. அது உண்மை.

23 ஆகஸ்ட்

மௌஸை வலப்பக்கம் மாற்றினேன். எலிப் புகார் ஒன்றைக் கரையான் பிரிவுக்கு அனுப்பிவிட்டேன்.

2 செப்டம்பர், திங்கள்

ஜொகூரிலிருந்து யூஜின் போன். என் தம்பி. புண் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

"க்கா, அது உள்ள போச்சுன்னா ஆபரேஷன். ஆபரேஷன் பண்ணா மாசக்கணக்குல குப்புற படுக்கணும். யாரு பாப்பா ஒன்ன? இங்க ஒரு நல்ல ஹோம் இருக்கு. அம்மா வீட்ட பூட்டிட்டு வந்துரு லா."

கெட்ட எண்ணம் இல்லை அவனுக்கு. அந்த இடத்தையும் முன்பே போய்ப் பார்த்து வைத்திருக்கிறான். சுத்தமாம். தோட்டம் இருக்கிறதாம். நான் வீட்டைப் பூட்டிவிட்டு அங்கே போய், தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருக்க வேண்டும்.

"புண் ஆறிடும்" என்றேன்.

"ஆறலன்னா?"

"ஆறலன்னா வர்றேன்." 

ஏன் அப்படிச் சொன்னேன்? சொல்லியாகிவிட்டது. இனி இந்த ஐம்பது காசு சிவப்பு முடிவு செய்யும் நான் எங்கே இருப்பதென்று.

9 செப்டம்பர், திங்கள்

நாளை மறுபடி யுகேந்திரன். ஒரு நாள் முழுக்க நான் உட்கார்ந்திருப்பதைப் போனில் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார். எதிர் அலமாரியில் போனை நிறுத்தி, காலை, மதியம், மாலை மூன்றும் எடுத்தேன். இப்போதுதான் போட்டுப் பார்த்தேன்.

காலை: ஒரு குண்டுப் பெண் போனில் பேசுகிறாள். ஓரளவு நேர். மதியம்: அதே பெண் சாதம் சாப்பிடுகிறாள். நேர்.

மாலை:

அது நான்தானா? சுவரில் தலையை ஒட்டிக்கொண்டு. உடம்பு முழுவதும் இடப்பக்கம் சரிந்து, வலது இடுப்பு மெத்தையை விட்டே தூக்கிக்கொண்டு. வளையம் சுவரில் டொக் டொக் என்று இடிக்கிறது. அதுகூட உறைக்காமல் இன்னும் சாய்கிறாள். அங்கே திவ்யா ஏதோ பள்ளிக்கூடக் கதை சொல்கிறாள்போல. இவள் சிரிக்கிறாள். தனியாக. அது மட்டுமில்லை, வாய் அசைகிறது. அவர்கள் கேட்பதற்கு இவள் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சத்தம் வராமல். தலையைக் கூட ஆட்டுகிறாள். "ஆமாமா" என்று ஒருமுறை. யாரைப் பார்த்துடி ஆமாமா?

எவ்வளவு நேரம் தெரியுமா? போனில் இடம் தீர்ந்து நின்றுபோகும் வரை.

அழித்துவிட்டேன். மாலையை மட்டும்.

10 செப்டம்பர், செவ்வாய்

யுகேந்திரன் காலையும் மதியமும் பார்த்தார். "மாலை?" என்றார். "போன் சார்ஜ் இல்ல தம்பி" என்றேன். நம்பினார். இடது விலாவுக்குச் சாய்வு தாங்கும் திண்டு ஒன்று பொருத்தலாமா என்று யோசித்தவர், பகலில் நேராகத்தானே இருக்கிறீர்கள் என்று விட்டுவிட்டார்.

"இப்ப சரியாயிடணும்கா" என்றார். அந்தப் பிள்ளை முகத்தைப் பார்க்க முடியவில்லை.

16 செப்டம்பர், திங்கள். விடுமுறை

ஐந்து நாள் சுவர்ப்பக்கம் போகவில்லை. ஹாலின் மறுகோடியில் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னேன். மாதா மன்னிக்க வேண்டும், காது முழுக்கச் சுவரில்தான். அங்கிருந்து கேட்டால் வெறும் முணுமுணுப்பு, யார் பேசுகிறார்கள் என்பது கூடத் தெரியாது.

இன்று போனேன். கொஞ்ச நேரம்தான் என்று போனேன்.

முன்பெல்லாம் காதை ஒட்டவே வேண்டாம், சும்மா பக்கத்தில் இருந்தாலே கேட்கும். கொஞ்ச மாதமாக அவர்கள் குரல் தணிந்துவிட்டது. நன்றாகப் பேசிக்கொண்டே இருப்பார்கள், திடீரென்று குசுகுசுப்பாகிவிடும். டிவியும் அடங்கிவிடும். என்ன ரகசியமோ. வீடு மாறப்போகிறார்களோ? அதைக் கேட்கத்தான் இன்னும் ஒட்ட வேண்டியிருக்கிறது. சொல்லிவிட்டால் நான் பாட்டுக்கு நேராக உட்கார்ந்திருப்பேன்.

சொல்ல நான் யார் அவர்களுக்கு?

1 அக்டோபர், செவ்வாய்

சிவப்பின்மேல் தோல் பிளந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்தபோது கண்ணாடியைக் கழுவிவிட்டு மறுபடி பார்த்தேன், அழுக்கோ என்று. இல்லை.

8 அக்டோபர், செவ்வாய்

டாக்டர் சொன்னது சுருக்கமாக: இனி உட்காரக் கூடாது. குப்புறவோ பக்கவாட்டிலோ படுக்க வேண்டும். குளியலறைக்குப் போக மட்டும் நாற்காலி. வருடக் கடைசிக்குள் மூடவில்லை என்றால் ஆபரேஷன். யுகேந்திரன் பக்கத்தில் நின்றார். "எங்கயோ தப்பு நடக்குதுக்கா, நாந்தான் கண்டுபுடிக்கல" என்றார்.

அவர் தப்பாம். வீட்டுக்கு வரும் வரை அதுவே காதில்.

13 அக்டோபர், ஞாயிறு

பின் அறையில் குப்புறப் படுத்து எழுதுகிறேன். கையெழுத்து கோழி கிளறியதுபோல. மாதா கோயில் பெண்கள் முறைவைத்துச் சாப்பாடு கொண்டுவருகிறார்கள். வந்து, வைத்து, ஒரு ஜெபம், போய்விடுகிறார்கள். நல்லவர்கள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலிருந்தே "சிஸ்டர், பசியாறுங்க" என்பார்கள்.

கம்பெனி வேலை படுத்தபடியே. கரையான் கரையான்தான், உட்கார்ந்து பேசினாலென்ன படுத்துப் பேசினாலென்ன.

19 அக்டோபர்

பின் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. சந்து.

24 அக்டோபர்

இன்று ஒரு போன்கூட வரவில்லை. மெலாக்காவில் எலியெல்லாம் செத்துவிட்டதா? லைன்தான் கெட்டிருந்தது. அது தெரியும்வரை, உலகத்தில் நான் ஒருத்திதான் மிச்சம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பயமாகத்தான் இருந்தது.

31 அக்டோபர், வியாழன். தீபாவளி

அடுத்த வீட்டில் காலையிலிருந்து கார் வருகிறது, கார் போகிறது. ஓப்பன் ஹவுஸ் என்பார்கள், யார் வந்தாலும் விருந்து. கதவு ஓப்பன்தான், வாசலில் படி இருக்கிறதே. ஒவ்வொரு வருடமும் என் பங்கு தட்டில் வரும்: முறுக்கு, நெய்யுருண்டை, ஒரு டப்பாவில் கோழி. திவ்யா கொண்டுவந்து கிரில் கம்பி வழியாகக் கொடுப்பாள். "ஹேப்பி தீபாவளி ஆண்ட்டி", ஒரு ஓட்டம்.

இந்த வருடம் திலகாவே வந்தாள். பட்டுப்புடவையோடு. பின் அறைவரை வந்து, நான் குப்புறக் கிடப்பதைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"ஐயோ, என்னாக்கா? மிஸ்ஸி காரு நிக்கிறத பாத்தேன். காய்ச்சல்னுதான் நெனச்சேன்."

புண் என்றேன். உட்காரக் கூடாது என்றேன். தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். போகப் போனவள் திரும்பினாள்.

"அக்கா, ஒன்னு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? நாங்க ரொம்ப சத்தம் போடுறோமா? நீங்க செவுத்துல தட்டுறப்பல்லாம் டிவிய கொறச்சிடுவோம். மெதுவாத்தான் பேசுறோம். திவ்யாகூட பாட்டு ஹெட்போன்லதான் கேக்குறா. இப்ப கொஞ்ச நாளா தட்டவே மாட்டேங்கிறீங்க. தட்டித் தட்டி வெறுத்துப் போச்சு போலன்னு இவரு சொன்னாரு. ஒடம்பு முடியாம படுத்திருக்கீங்க, நாங்க வேற..."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "இல்ல, இல்ல திலகா, நல்லா சத்தமா இருங்க" என்று மட்டும் சொன்னேன். தலையணைக்குள் சொன்னது அவளுக்குக் கேட்டதா தெரியவில்லை.

1 நவம்பர், வெள்ளி

தட்டினேனா? நான் எங்க தட்டினேன்?

சக்கரம். சக்கரம்தான் தட்டியிருக்கிறது. அந்த வீடியோவிலேயே டொக் டொக் என்று கேட்டதே, கேட்டுக்கொண்டேதானே அழித்தேன்! நான் சாயும்போதெல்லாம் வளையம் சுவரில் இடிக்கும். அங்கே அது எப்படிக் கேட்டிருக்கும்? பக்கத்து வீட்டு ஆண்ட்டி கோபமாகத் தட்டுகிறாள், சத்தம் போடாதே என்கிறாள். அவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். மூடிக்கொண்டதால் எனக்குக் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று நான் இன்னும் சாய்ந்தேன். சாய்ந்ததால் இன்னும் இடித்தது.

ஐயோ. என்னாடி பண்ணி வச்சிருக்க பிரிஜிட்.

அவங்க பேச்ச கேக்கத்தானே போனேன்? நானே அவங்க வாயை அடைச்சிட்டேன். அந்தப் புள்ள பாட்டுகூட கேக்க முடியாம... அதுக்கு நான் ஒரு புண்ண வேற வாங்கிக்கிட்டேன்.

சிரிக்கலாம் என்று பார்த்தேன். வரவில்லை.

3 நவம்பர், ஞாயிறு

திலகா தட்டை வாங்க வந்தாள். தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது எங்களிடமும் வழக்கமில்லை, அவர்களிடமும் இல்லை. ஒரு கை சீனியாவது போட்டுத்தான் கொடுப்பது. எழுந்து போய்ச் சீனி எடுக்க என்னால் முடியாது. வெறும் தட்டு கட்டில் ஓரத்தில் கிடந்தது. வேறு எதுவும் இல்லாததால் உண்மையைச் சொன்னேன்.

"திலகா, நான் தட்டல. ஒங்க பேச்ச கேக்கத்தான் செவுத்துல சாஞ்சேன். சக்கரம் இடிச்சிருக்கு. எனக்கு அது தெரியாது."

"எங்க பேச்சயா?"

"தெனம். ஏழு மணிக்கு மேல. அம்மா போனதுலருந்து. அந்தப் பக்கமே சாஞ்சு சாஞ்சுதான் இந்தப் புண்ணு."

அவள் முகம் சிவந்தது. சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேனா, அழுவாள் என்றா? இரண்டும் இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு, "சரிக்கா" என்று போய்விட்டாள். கிரில் மூடுகிற சத்தம் ரொம்ப மெதுவாக இருந்தது.

6 நவம்பர், புதன்

யாரும் வரவில்லை.

அவள் இடத்தில் நானாக இருந்தால்? என் வீட்டுச் சண்டையை, என் கணவன் என்னைத் திட்டியதை, நான் அழுததை, ஒருத்தி சுவரோடு காதை வைத்துக் கேட்டிருந்தால்? நானும் போயிருக்க மாட்டேன். யூஜினைக் கூப்பிட்டு அந்த ஹோமின் பெயர் என்ன என்று கேட்டேன். அவன் சந்தோஷப்பட்டான். அதுதான் தாங்கவில்லை.

9 நவம்பர், சனி

காலையில் வெளியே ஏதோ மரப்பலகையை இழுக்கும் சத்தம். பதினோரு மணிபோல் திலகா வந்தாள். கட்டிலுக்கு எதிரில், அம்மாவின் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அதில் யாரும் உட்கார்ந்து நாளாகிறது.

"எனக்கு வெக்கமா போச்சுக்கா. அதான் வரல. நாங்க அடிச்சுக்கிட்டதெல்லாம் கேட்டிருப்பீங்க."

"கேட்டேன்."

"எங்க மாமியார பத்தி நான் பேசுனது?"

"அதுவும் கேட்டேன்."

சேலை முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"நீ சொன்னது சரிதான்" என்றேன். "நானா இருந்தா இன்னும் ரெண்டு வார்த்த சேத்து சொல்லியிருப்பேன்."

ஒரு நொடி என்னைப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள், எனக்குச் சுவர் இல்லாமல் அந்தச் சிரிப்பைக் கேட்பது அதுதான் முதல்முறை. நேரில் இன்னும் சத்தம் அதிகம். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "மெதுவா பேசிப் பேசி எனக்குத் தொண்டையே போச்சுக்கா. இவரு வேற, சத்தமா சண்ட போட முடியலன்னு சண்ட போடுறதையே விட்டுட்டாரு" என்றாள்.

என்னை ஒருமுறைகூட வீட்டுக்குக் கூப்பிட்டதே இல்லையே என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்: "படி இருக்கேக்கா. கூப்டுட்டு, தூக்க முடியாம ஒங்கள வாசல்ல நிக்க வச்சா ஒங்களுக்கு எவ்ளோ சங்கடம். அதான் தட்ட அனுப்புறது. அந்தப் படியத்தான் இப்ப இவரு பாத்துட்டு இருக்காரு."

மரப்பலகைச் சத்தம் அதுதான். சக்கர நாற்காலி ஏற விமலன் சாய்தளம் செய்கிறான்.

12 நவம்பர், செவ்வாய்

யுகேந்திரனுக்குப் போன் செய்து மாலை வீடியோவைப் பற்றிச் சொன்னேன். அழித்ததையும் சொன்னேன்.

"மெத்தை வெயிட்ட பிரிச்சுதான்கா குடுக்கும். நீங்க எங்க சாயணும்னு அது முடிவு பண்ண முடியாது." அப்புறம், "தனியா இருக்கீங்கன்னு எழுதியிருந்துச்சு. நான்தான் கேட்டிருக்கணும்" என்றார்.

இந்தப் பிள்ளை எல்லாவற்றையும் தன்மேல் போட்டுக்கொள்கிறது. அதுவும் ஒரு சாய்வுதான் தம்பி என்று சொல்ல நினைத்தேன். இடது விலாவுக்குத் திண்டு தயார் செய்கிறாராம்.

3 டிசம்பர்

மிஸ்ஸி அளந்து பார்த்தார். புண் சுருங்கியிருக்கிறது. "எளஞ்சதை வருதும்மா" என்றார். யூஜினிடம் சொன்னேன். "சரிக்கா, பாப்போம்" என்றான். ஹோமைப் பற்றி இந்த முறை பேசவில்லை.

25 டிசம்பர், புதன். கிறிஸ்துமஸ்

மருந்துக் கட்டு நேற்றோடு முடிந்தது. மூடிவிட்டது. இன்று உட்கார அனுமதி, கொஞ்ச நேரம் மட்டும்.

என் வீட்டில் ஓப்பன் ஹவுஸ். வந்தவர்கள் மூன்று பேர். நான் ஹாலின் நடுவில் உட்கார்ந்திருந்தேன், விலாவில் திண்டு. திலகா என் இடப்பக்கம் வந்து உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். பேசப் பேச நான் சாய்ந்திருக்கிறேன், எனக்கே தெரியவில்லை.

"ஆண்ட்டி, நேரா!" என்றாள் திவ்யா.

திலகா எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு என் எதிரில் வந்து போட்டாள். அதற்குப் பிறகு சாயத் தேவைப்படவில்லை. குனிந்துதான் பேசினோம். குனிவது நல்லது, அது மருந்து.

அவர்கள் போனபின் வீடு மறுபடி வீடாகவே இருந்தது. மூன்று பேர் வந்துவிட்டுப் போனால் அம்மா திரும்பி வந்துவிடப் போவதில்லை. கேக் மிச்சம் இருந்தது. அழுதேன், ரொம்ப நேரமில்லை.

4 பிப்ரவரி 2025, செவ்வாய்

மறுபடி அந்தப் பாய். திரையில் இரண்டு பக்கமும் பச்சை, நடுவில் கொஞ்சம் மஞ்சள், இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு. யுகேந்திரன் அதை அச்சடித்துக் கையில் கொடுத்தார். சுவரில் பெயின்ட் பெயர்ந்த இடத்தில் காலண்டருக்குப் பதில் அதை ஒட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் பூவா என்று கேட்கிறார்கள். ஆமாம் என்கிறேன்.

7 பிப்ரவரி, வெள்ளி

இன்று கரையான் குறைவு, எலி அதிகம்.

எல்லா நாளும் அவர்கள் வீட்டுக்குப் போவதில்லை. போகவும் முடியாது, அவர்களுக்கும் அவர்கள் பாடு இருக்கிறது. சீனப் பெருநாள் லீவுக்கு விமலனின் ஊருக்குப் போய் ஒரு வாரம் வீடு பூட்டியே கிடந்தது. அந்த வாரம் கஷ்டம்தான். நடு ஹாலில் நேராக உட்கார்ந்து, நேராக உட்கார்ந்திருப்பதற்காகவே உட்கார்ந்திருந்தேன். நேற்று மாலைதான் திரும்பினார்கள். சுவர்ப்பக்கம் போகவில்லை. இங்கிருந்து கேட்டால் முணுமுணுப்புதான், ஆனால் இப்போது அவர்கள் சத்தமாகவே முணுமுணுக்கிறார்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சுவரில் டொக் டொக். என் சக்கரம் இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து.

சுவரோரம் போய் இடப்பக்கம் சாய்ந்தால் பதிலுக்குத் தட்டலாம். சாயவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, "என்னாடீ?" என்று கத்தினேன். இந்த வீட்டில் நான் கத்திப் பல வருடம் ஆகியிருக்கும். தொண்டை கரகரத்தது.

"தோச ஆறுதுக்கா! வாங்க!"

போகிறேன்.